ஒன்பதாம் வகுப்பும் ஓவர்டியூ கணக்கும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மாதக்கணக்காகிறது. மார்ச் குளோசிங், அது முடிந்தால் ஆடிட், ஆடிட் முடிந்தால் ஆடிட்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதுவது என்று ஆணி பிடுங்கியே பாதி வருடம் ஓடிவிட்டது. 'கடன் குடுக்கிற ஆளு நீங்க, இப்ப எதுக்கு பள்ளிக்கூடம், படிப்புன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சிட்டு இருக்கீங்க?' என்று தங்கமணியே கேட்டாயிற்று. காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஏப்ரல் முதல் வாரம். தில்லியில் எங்கள் கிளை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி பீகாரில் மோதிஹாரிப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'சாப்' என்பார், நான் அவரை 'பையா' என்பேன். அன்று சாயங்காலம் கேஷ் கட்டி முடித்த பிறகு, நாலாக மடித்த ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். அவர் பையனின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் தாள். கணக்கிலும் அறிவியலிலும் தோல்வி.

'சாப், மச்சான் ஒருத்தன் ஓக்லாவில் லேத் பட்டறை வெச்சிருக்கான். பையனை அனுப்புன்னு சொல்றான். அனுப்பிரட்டுமா? இல்ல இன்னொரு வருஷம் பாக்கலாமா?' என்று கேட்டார். என் சுமாரான இந்தியில் ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தாளைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. இருபது வருடமாகக் கடன் கணக்கு பார்த்த பழக்க தோஷம், கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை விட்டுவிட்டு மாதவாரியாக எண்ணை மேய்வது. முதல் தேர்வில் கணக்கில் 20-க்கு 4. அரையாண்டில் 80-க்கு 11. வருகைப் பதிவு ஜூலையில் கிட்டத்தட்ட முழுசு, ஆகஸ்டில் நாலு நாள் குறைவு, அக்டோபரில் ஒன்பது நாள் குறைவு, டிசம்பரில் பாதி நாள்தான் போயிருக்கிறான்.

'அக்டோபர்ல ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்களா?'

'இல்ல சாப். ரிசல்ட் அன்னிக்குத்தான் வரச் சொன்னாங்க.'

எங்கள் தொழிலில் கடன் ஒரே நாளில் கெடாது. முதலில் தவணை ஒரு வாரம் தள்ளும், அப்புறம் ஒரு மாதம் தள்ளும், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, 91-ஆம் நாள் 'ஐயோ போச்சே' என்று தலையில் கை வைப்பதுதான் பல காலம் வங்கிகளின் வழக்கமாக இருந்தது. 2014-இல் ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. கணக்கு கெடுவதற்கு முன்பே அதை மூன்று படியாகப் பிரித்துக் கண்காணிக்க வேண்டும். இன்றைய கணக்குப்படி தவணை தாண்டி 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை இரண்டாம் படி, 90 நாள் வரை மூன்றாம் படி. எஸ்.எம்.ஏ. ஸீரோ, ஒன்று, இரண்டு என்று பெயர். வங்கிக்காரர்களிடம் இந்த மூன்றெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும் :-) தினமும் காலையில் பட்டியல் வரும், போன் அடிக்க வேண்டும், நேரில் போக வேண்டும்.

பையனின் தாளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். ஆகஸ்டிலேயே இவன் ஸீரோ. அக்டோபரில் ஒன்று. டிசம்பரில் இரண்டு. பட்டியல் எடுக்கத்தான் ஆள் இல்லை. ஒரு டிராக்டர் கடனுக்கு இருக்கிற கண்காணிப்பு பதினாலு வயசுப் பையனுக்கு இல்லையா? உலகத்தில் எவராவது இதை யோசித்திருப்பார்களே என்று தேட ஆரம்பித்தேன். யோசித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது.

கதை அமெரிக்காவில், சிகாகோவில் தொடங்குகிறது. 1963 ஏப்ரலில் அங்கே ஒரு பெற்றோர் கூட்டம். பார்வை, செவி, அறிவு எல்லாம் சரியாக இருந்தும் படிக்கத் திணறுகிற பிள்ளைகளின் பெற்றோர்கள். ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்த காலம். சாமுவேல் கர்க் என்ற கல்வியாளர் அந்தக் கூட்டத்தில் 'கற்றல் குறைபாடு' என்ற சொல்லை முன்வைத்தார். பெற்றோர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் கிடைத்தால் சங்கம் வைக்கலாம், சங்கம் இருந்தால் சட்டம் கேட்கலாம். 1975-இல் சட்டமும் வந்தது. குறைபாடு உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவசமாக, தகுந்த கல்வி தர வேண்டும் என்று சொன்ன அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிபர் ஃபோர்டு.

சட்டம் சரி. ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று முடிவு செய்வது எப்படி? 1977-இல் விதி எழுதினார்கள். பிள்ளையின் அறிவுத்திறனுக்கும் படிப்பில் அவன் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் கடுமையான இடைவெளி இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் வகுப்பில் இடைவெளி சின்னதாகத்தான் இருக்கும். இரண்டாம் வகுப்பில் கொஞ்சம் கூடும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வரும்போதுதான் விதி கேட்கும் அளவுக்கு இடைவெளி 'கடுமை' ஆகும். அதுவரை உதவி கிடையாது. பிள்ளை போதுமான அளவு தோற்கும் வரை காத்திருக்க வேண்டும்! 'தோற்கக் காத்திருக்கும் முறை' என்றே பிற்பாடு இதற்குப் பெயர் வந்தது. 91-ஆம் நாள் வரை காத்திருந்த எங்கள் வங்கிகளுக்கு நான் என்ன சொல்ல :-(

இதற்கு மாற்று இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோ என்ற பேராசிரியர் 1970-களின் கடைசியில் தொடங்கிய வேலை. அவர் கண்டுபிடித்த கருவி சிரிப்பு வருகிற அளவுக்கு எளிமையானது. பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து, பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம். எத்தனை வார்த்தை சரியாகப் படித்தான் என்று எண்ண வேண்டும். வாரம் ஒரு தரம் இப்படி எண்ணி ஒரு வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கோடு மேலே போகிறதா, படுத்தே கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். படுத்துக் கிடந்தால் சொல்லித்தரும் விதத்தை மாற்று. வருடக் கடைசிப் பரீட்சைக்குக் காத்திருக்காதே. காலேஜில் பி.காம். படித்தபோது 'காஸ்ட் கன்ட்ரோல்' பாடத்தில் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லித் தந்தார்கள்.

இன்னொரு திசை, பொதுச் சுகாதாரம். 1964-இல் ஜெரால்ட் கேப்லன் என்ற மனநல மருத்துவர், நோய்த்தடுப்பின் மூன்று நிலைகளை மனநலத்துக்குப் பொருத்தி ஒரு புத்தகம் எழுதினார். எல்லோருக்கும் பொதுவான தடுப்பு முதல் நிலை. நோய் தலைகாட்டியவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் கவனிப்பது இரண்டாவது. நோய் முற்றியவர்களுக்கு ஊனம் குறையப் பார்ப்பது மூன்றாவது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுவது முதல் நிலை, வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக்கு நர்ஸம்மா உப்புச் சர்க்கரைக் கரைசல் கொண்டுபோவது இரண்டாவது, பெரியாஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுவது மூன்றாவது. தொட்டியில் குளோரின் போடாமல் டிரிப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் தாங்காது.

பள்ளிக்கூடத்துக்கு இதைக் கொண்டுவந்தபோது இப்படி ஆனது. முதல் படி, வகுப்பில் எல்லோருக்கும் நல்ல பாடம், வருடத்தில் சில தடவை எல்லோருக்கும் சின்ன சோதனை. அதில் பின்தங்கியவர்களுக்கு இரண்டாம் படி, சின்னக் குழுவாக உட்கார வைத்துக் கூடுதல் பாடம், அடிக்கடி அளவீடு. அதிலும் எழாதவர்களுக்கு மூன்றாம் படி, ஒருவர் இருவராக, தினமும், தீவிரமாக. நூற்றில் 80 பேர் முதல் படியிலேயே தேறிவிட வேண்டும், 15 பேருக்கு இரண்டாவது தேவைப்படும், 5 பேருக்கு மூன்றாவது என்று ஒரு உத்தேசக் கணக்கும் சொல்வார்கள். 2004 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம் இதற்குக் கதவைத் திறந்தது. அறிவுத்திறன் இடைவெளியைக் காட்டச் சொல்லி மாநிலங்கள் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, உதவிக்குப் பிள்ளை எப்படி எழுந்து வருகிறான் என்பதைப் பார்த்தும் முடிவு செய்யலாம் என்றது. அதோடு சிறப்புக் கல்விக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 15 சதவீதம் வரை, இன்னும் குறைபாடு என்று முத்திரை விழாத பிள்ளைகளுக்கே முன்கூட்டிச் செலவழிக்கலாம் என்றும் சொன்னது. எனக்கு இந்த இரண்டாவது ஷரத்துதான் பெரிய விஷயமாகப் பட்டது. கெட்ட பிறகு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கெடாமல் இருக்கச் செலவு செய் என்று ஒரு அரசாங்கம் எழுதி வைப்பது லேசுப்பட்ட காரியமா?

இதெல்லாம் ஆரம்பப் பள்ளிக் கதை. உயர்நிலைப் பள்ளியில் இந்த வண்டி ஓடவில்லை. ஆரம்பப் பள்ளியில் ஒரே டீச்சர் நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கிறார். உயர்நிலையில் ஆறேழு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பீரியட். கணக்கு வாத்தியாருக்கு அவன் கணக்கில் மட்டும் மக்கு, இங்கிலீஷ் டீச்சருக்கு அவன் இங்கிலீஷில் மட்டும் மக்கு. பையன் முழுசாக மூழ்கிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி எண்ணுகிற வித்தையும் அல்ஜீப்ராவுக்கு ஆகாது. அப்படியானால் எதை அளப்பது?

இதற்கு விடை வந்ததும் அதே சிகாகோவிலிருந்துதான். 1987-இல் அமெரிக்கக் கல்வி மந்திரியாக இருந்த வில்லியம் பென்னட், நாட்டிலேயே படுமோசம் என்று சொன்னது சிகாகோ பள்ளிகளைத்தான். அவமானத்தில் நகரம் சீர்திருத்தத்தில் இறங்கியது. 1990-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுக் கூட்டமைப்பு உருவானது. நகரத்தின் பள்ளிப் பதிவேடுகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்ப்பது அவர்கள் வேலை. மெலிசா ரோடெரிக், ஜான் ஈஸ்டன், எலைன் ஆலன்ஸ்வொர்த் என்று சில பெயர்கள் அங்கிருந்து வரும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும்.

அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நம்மைப் போல முழு வருடத்துக்கு பாஸ், ஃபெயில் கிடையாது. பாடம் பாடமாக கிரெடிட் சேர்க்க வேண்டும். 1990-களின் இறுதியில் இந்த ஆய்வாளர்கள் ஒரு எளிய அளவுகோலை உருவாக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒரு மாணவன் குறைந்தது 5 முழு வருடப் பாடங்களுக்கான கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரே ஒரு அரையாண்டு 'எஃப்' வரை மன்னிப்பு, அதற்கு மேல் கூடாது. இப்படி இருந்தால் அவன் 'தடத்தில்' இருக்கிறான், இல்லாவிட்டால் தடம் மாறிவிட்டான்.

2005-இல் ஆலன்ஸ்வொர்த்தும் ஈஸ்டனும் வெளியிட்ட அறிக்கையில் வந்த எண்களைப் பார்த்துவிட்டு நான் ஒரு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் தடத்தில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நாலு வருடத்தில் பள்ளியை முடித்தார்கள். தடம் மாறியவர்களில் முடித்தவர்கள் 22 சதவீதம். ஏழையா பணக்காரனா, ஆணா பெண்ணா, எட்டாம் வகுப்பில் எவ்வளவு மார்க் என்பதையெல்லாம்விட இந்த ஒரு அளவுகோல் நன்றாகச் சொல்லிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் கடைசிக் கால்வாசியில் இருந்து, ஒன்பதில் தடத்தில் நின்றுவிட்ட பிள்ளைகள், எட்டில் முதல் கால்வாசியில் இருந்து ஒன்பதில் தடம் மாறிய கெட்டிக்காரர்களைவிட அதிகமாகப் பள்ளியை முடித்திருக்கிறார்கள்!

2007-இல் அடுத்த அறிக்கை. ஒன்பதில் ஏன் தோற்கிறார்கள் என்று தோண்டிப் பார்த்தார்கள். வருகைதான். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தில் தோற்பதை முன்கூட்டிச் சொல்வதில், எட்டாம் வகுப்பு மார்க்கைவிட வகுப்புக்கு வருவது 8 மடங்கு வலுவானது. அரையாண்டில் இரண்டு வாரம் மட்டம் போட்ட முதல் தரப் பிள்ளை, ஒரு வாரம் மட்டும் வராத கடைசித் தரப் பிள்ளையைவிட அதிகம் தோற்கிறது. நாம் 'மண்டையில ஏறல சார்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏறுவதற்கு மண்டை அங்கே இருக்க வேண்டுமே.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994. தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், நான் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, சந்தேகமான கேஸ்களை ஒன்பதிலேயே நிறுத்திவைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் இருந்தது. எங்கள் பள்ளியிலும் இருந்தது. 46 பேர் ஒன்பதில், 33 பேர் பத்தில். பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுவார்கள். நிறுத்தப்பட்ட 13 பேரில் ஒருவன் என் பக்கத்து பெஞ்சு. வாய்க்கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவான். வட்டிக்கணக்கு கேட்டால் நான் பேனாவைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். அவன் அப்பாவுக்குக் காய்கறி வியாபாரம், அந்த வருடம் முதுகுவலியில் படுத்துவிட்டார். வியாழக்கிழமை சந்தை. வியாழன்தோறும் மூட்டை ஏற்றி இறக்க இவன் போய்விடுவான். எங்களுக்கு வியாழக்கிழமை கணக்குப் பாடம் இரண்டு பீரியட்.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக, வாரம் தவறாமல் ஒரே நாளில் அந்த ஆங்கில 'ஏ' எழுத்து வரிசையாக நின்றிருக்கும். தினம் அதை எழுதியவர்கள் இருந்தார்கள். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தவர் இல்லை. ஒன்பதில் தோற்றதும் பஞ்சாலைக்குப் போய்விட்டான். நான் பத்துக்குப் போனேன், பி.காம். படித்தேன், வட்டி போடும் வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலில். 'பேங்க்ல இருக்கியாமே' என்றான். 'ஆமாப்பா' என்றேன். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

நிற்க. சிகாகோவுக்குத் திரும்புவோம்.

அளவுகோல் கையில் இருந்தால் மட்டும் போதாதே. 2003-லிருந்தே தடத்தில் இருப்போர் விகிதத்தைப் பள்ளிகளின் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் சில வருடம் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. வருடம் முடிந்து வருகிற விகிதம் என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கைதானே? 2008 வாக்கில்தான் திருப்பம். மாவட்ட நிர்வாகம் பள்ளிகளுக்குப் பெயர்ப் பட்டியலே அனுப்ப ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகளில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று பள்ளி திறக்கும்போதே ஒரு பட்டியல். வருடத்தின் நடுவே, யார் எத்தனை நாள் வரவில்லை, எந்தப் பாடத்தில் வழுக்குகிறார்கள் என்று பெயர் பெயராக இன்னொரு பட்டியல். தவறவிட்ட கிரெடிட்டைக் கோடை வகுப்பிலோ மாலை வகுப்பிலோ மீட்க யார் யார் பாக்கி என்று மூன்றாவது பட்டியல். நம் எஸ்.எம்.ஏ. பட்டியலேதான், அதற்கு ஆறு வருடம் முன்னால்!

பட்டியல் வந்ததும் ஆசிரியர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. ஒரே பையனுக்குப் பாடம் எடுக்கும் ஐந்தாறு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் பல விஷயம் வெளியே வருகிறது. முதல் பீரியட் ஆசிரியரிடம் மட்டும் அவன் தோற்கிறான் என்றால் அது அறிவுக் கோளாறு இல்லை, தம்பி தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிறான் என்று அர்த்தம். அதற்குக் கவுன்சலிங் வேண்டாம், கால அட்டவணையில் ஒரு மாற்றம் போதும். மூன்று பாடத்தில் வழுக்குகிறவனுக்கு மாலை வகுப்பு. எல்லாவற்றிலும் மூழ்குகிறவனுக்கு ஒரு பெரியவரைத் துணைக்குப் போட்டு, வீட்டுக்கும் போய்ப் பார்த்து, தனிக்கவனிப்பு. படி ஒன்று, இரண்டு, மூன்று.

2007-இல் சிகாகோவின் ஒன்பதாம் வகுப்பில் தடத்தில் இருந்தவர்கள் 57 சதவீதம். 2013-இல் 82. ரோடெரிக் குழுவினர் 2014-இல் எழுதிய அறிக்கை, இந்த முன்னேற்றம் கறுப்பின ஆண் பிள்ளைகளிடம்தான் மிக அதிகம் என்று காட்டியது. ஊரே கைவிட்ட பிள்ளைகள் என்று பெயர் எடுத்தவர்கள்.

ஆடிட் கண்ணோடு ஒரு கேள்வி கேட்காமல் விட்டால் நான் வங்கிக்காரன் இல்லை. கெட்டுப்போன கடனுக்கு இன்னொரு கடன் கொடுத்து நல்ல கடன் மாதிரி காட்டும் வித்தை எங்களிடம் உண்டு. அதை 'எவர்கிரீனிங்' என்போம். பெயர் மட்டும் பச்சைப்பசேல். அதேபோல வாத்தியார்கள் 'எஃப்'-ஐ 'டி' ஆக்கி அனுப்பிவிட்டார்களோ? ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. வெறும் மார்க் தானமாக இருந்தால் பிள்ளைகள் பத்திலும் பதினொன்றிலும் விழுந்திருக்க வேண்டும். முதலில் மாறிய பள்ளிகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்வருடங்களிலும் நின்றார்கள், பள்ளி முடிக்கும் விகிதமும் ஏறியது. ஆனாலும் முழுக்க வெள்ளை அறிக்கை தர முடியாது. பள்ளியை விட்டு ஓடிய சில பிள்ளைகளை 'வேறு பள்ளிக்கு மாறியவர்கள்' என்று எழுதிக் கணக்கைச் சரிக்கட்டியது 2015-இல் பத்திரிகையாளர்கள் தோண்டியதில் வெளியே வந்தது. மாவட்ட நிர்வாகம் முடித்தோர் விகிதத்தைக் குறைத்துத் திருத்தி வெளியிட்டது. இலக்கு வைத்த இடத்திலெல்லாம் இது நடக்கும். மார்ச் 31 ராத்திரி வங்கிகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன :-)

அதே 2015-இல் ஆரம்பப் பள்ளிப் பக்கமும் ஒரு குட்டு விழுந்தது. 13 மாநிலங்களில் 146 பள்ளிகளைப் பார்த்த அரசு ஆய்வு ஒன்று, முதல் வகுப்பில் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்ததால் கூடுதல் உதவிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கோட்டுக்குச் சற்று மேலே இருந்ததால் அனுப்பப்படாத பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியதாகச் சொன்னது. கூடுதல் பாடம் என்று வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போய், அங்கே பொருத்தமில்லாத எதையோ நடத்தினால் வகுப்புப் பாடமும் போச்சு, அதுவும் போச்சு. படி கட்டுவது சுலபம், ஏற்றிவிட ஆள் வேண்டும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2010 ஏப்ரல் 1-இல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற 16-ஆம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். டீக்கடை முதல் பாராளுமன்றம் வரை அதைத் திட்டாதவர் இல்லை. சர்க்குலர் படித்தே வளர்ந்த புத்தி, முழுச் சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். 24-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. அதாவது நிறுத்தாதே, ஆனால் கவனி என்று இரண்டும் சேர்ந்துதான் சட்டம். நாடு முதல் பாதியை மட்டும் அமல்படுத்திவிட்டு, பிள்ளை படிக்கவில்லை என்று சட்டத்தைக் குறை சொன்னது. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசுப் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்தலாம் என்று விதி வந்தது. தமிழ்நாடு அரசு எட்டு வரை நிறுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நிறுத்துவதா வேண்டாமா என்றே இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. 24-ஐப் பற்றிப் பேசக் காணோம்.

இதன் விளைவு ஒன்பதாம் வகுப்பில் வந்து மோதியது. எட்டு வரை தடையில்லாமல் வந்த பிள்ளைகள் ஒன்பதில் முதல் சுவரில் முட்டினார்கள். தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதில் ஏறக்குறைய பாதிப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 2016-இல் தில்லி அரசு 'சுனௌதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சவால் என்று பொருள். அந்த ஆவணத்திலேயே, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் 74 சதவீதம் பேரால் தங்கள் சொந்த இந்திப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்க முடியவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம் வைக்கலாம். ஒன்பதாம் வகுப்பை மூன்றாகப் பிரித்தார்கள். 'பிரதிபா', 'நிஷ்டா', பல தடவை தோற்றவர்களுக்கு 'விஸ்வாஸ்'. திறமை, ஈடுபாடு, நம்பிக்கை. பெயர்கள் எல்லாம் பிரமாதம்.

ஆனால் சிகாகோவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். அங்கே பிள்ளை தன் வகுப்பிலேயே இருக்க, உதவி அவனைத் தேடி வந்தது. இங்கே உதவியின் பெயரால் வகுப்பே மூன்றாயிற்று. எந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாய் என்பதிலிருந்தே உன் மதிப்பு தெரிந்துவிடும். 'விஸ்வாஸ்' பிள்ளைகளை பத்ராசார் வித்யாலயா என்ற தபால்வழிப் பள்ளி மூலம் நேரே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்தார்கள். முதல் வருடம் அப்படி எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறவில்லை. 2018-இல் ஆரம்பித்த 'மிஷன் புனியாத்' கீழ்வகுப்புகளில் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் பிடித்துக்கொண்டது. அது 'பிரதம்' அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் பாலசகி என்ற பெயரில் செய்து பார்த்த வழி. உள்ளூர்ப் பெண் ஒருவர், இருபது பிள்ளைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2001 முதல் அதைச் சோதித்து, பலன் இருக்கிறது என்று காட்டியவர்கள். 2019-இல் நோபல் வாங்கியவர்கள் என்று சொன்னால் சட்டென்று ஞாபகம் வரும்.

ஒன்பதாம் வகுப்புக்கு, வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படிக்கிற ஏற்பாடு இன்னும் என் கண்ணில் படவில்லை. அதற்குக் கணினி கூட வேண்டாம், ஒரு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் போதும்.

காவலாளி பையன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. பட்டறைக்கு அனுப்ப வேண்டாம் என்று நானும் தங்கமணியும் சேர்ந்து பையாவைக் கெஞ்சாத குறைதான். மறுதேர்வில் அறிவியல் தேறிவிட்டான், கணக்கு காலை வாரிவிட்டது. மறுபடியும் ஒன்பது. ஜூலையில் பள்ளி திறந்ததிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளைக்கு வந்து, காலியாகிவிட்ட லோன் கவுன்டரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். எனக்குத் தெரிந்த வரை சொல்லித்தருகிறேன். பின்னம் வரை பரவாயில்லை, அதற்கு மேல் எனக்கே இந்தியில் சொல்ல வார்த்தை வராது, அவன்தான் எனக்கு இந்தி சொல்லித்தருகிறான். டிசம்பரில் ஏன் பாதி நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். அப்பா இரவு ஷிஃப்டுக்குப் போன மாதம் அது. அதிகாலையில் குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்க வீட்டில் வேறு ஆள் இல்லையாம். ஷிஃப்டு போடும் ஏஜென்சி சூப்பர்வைசரிடம் பேசினேன். இரண்டு நிமிட போன்.

என் மேஜை டிராயரில் ஒரு பழைய பாஸ்புக் அட்டையில் அவனுக்காகத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்குப் போன நாளுக்கு ஒரு டிக். ஜூலை முழுசும் டிக். ஆகஸ்டிலும் போன வாரம் வரை அப்படித்தான். இந்தத் திங்களும் செவ்வாயும் அவன் வரவில்லை. இன்றும் ஐந்தரை ஆகியும் காணோம் என்றதும் வாசலுக்கே போய் பையாவிடம் கேட்டேன்.

'காய்ச்சல் சாப். டெங்குவான்னு பயந்தோம், டெஸ்ட்ல இல்லைன்னு சொல்லிட்டாங்க. நாளன்னைக்கு வந்துருவான்' என்றார். டீச்சரிடம் லீவு லெட்டர் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். இல்லையாம். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல இந்தியில் ஒரு லெட்டர் எழுதினேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.